உப்பளமும் போர்விமானமும்

மரக்காணத்து உப்பளங்களைக் கண்டார்க்கு, தெற்கே அதே கடலும் அதே வெயிலும் உள்ள புதுச்சேரி ஒரு காலத்தில் அயலாரிடம் உப்பு வாங்கிற்று என்றால் வியப்புண்டாகும். 1815ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் தேதி இலண்டனில் செய்துகொண்ட உடன்படிக்கையால், பிரெஞ்சுக்காரர் தம் பகுதியில் விளையும் உப்பைக் கொள்ளும் தனியுரிமையை ஆண்டொன்றுக்கு நான்கு இலட்சம் சிக்கா ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு அளித்தனர். 1818இல் உப்பு விளைப்பதையே நிறுத்த இசைந்தனர். அதன்பின் தம் குடிகளுக்கு வேண்டிய உப்பை ஆங்கிலச் சர்க்காரிடமே பெறலாயினர். இரு நாடுகளும் சமாதானத்தில் இருந்தவரை இதனால் வந்த குறை பெரிதன்று. எனினும் பாத்தி அழிந்தபின் கேட்டுப் பெறுவதன்றி வேறு வழி ஏது?

இன்று போர்விமானம் வாங்கும் நாடுகளின் நிலையும் இத்தகையதே என்பது நம் கருத்து. விமானத்தோடு விற்பவரின் சட்டமும் வந்துசேருகின்றது. பாக்கிஸ்தான் 1954 முதல் அமெரிக்காவின் படைத்துணை நாடு. ஆயினும் 1990 அக்டோபரில் பிரெஸ்லர் திருத்தச் சட்டம் அதன்மேற் பாய்ந்தது. அந்நாடு பணம் செலுத்தி வாங்கிய எப்-16 விமானங்கள் 28 அரிசோனாப் பாலைவனத்தில் நின்றன. விமானமும் இல்லை, பணமும் இல்லை என எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1998 டிசம்பரிலேயே வழக்குத் தீர்ந்தது. இத்தடை எதற்காக விதிக்கப்பட்டதோ அந்த அணுகுண்டை அவ்வாண்டு மே மாதமே பாக்கிஸ்தான் வெடித்துக் காட்டிவிட்டது! விற்பவர் அடைந்த பயன் யாதென்று நமக்கு விளங்கவில்லை.

துருக்கியோ 1952 முதல் நேட்டோ உறுப்பினர். எப்-35 விமானத்திற்கு உறுப்புகள் செய்துதந்த பங்காளியுமாம். ருஷியாவின் எஸ்-400 ஏவுகணைகளை 2019 ஜூலையில் இறக்கியதும் அப்பங்கினின்றும் நீக்கப்பட்டது. 2020 டிசம்பரில் அதன் படைக்கலக் கொள்முதல் நிறுவனத்தின்மேல் தடையும் வந்தது. அதே ஏவுகணைக்கு 2018இல் ஒப்பந்தம் செய்த நம்மேல் அத்தடை விழவில்லை. இதற்காக மகிழ்வார் உளர், நாமோ அஞ்சுகின்றோம். ஒருவரைத் தண்டித்து மற்றொருவரை விடும் சட்டத்தை நம்பிப் படை அமைத்தல் எங்ஙனம்?

நாமும் பட்டதுண்டு. 1998 மே மாதப் பொக்ரான் சோதனைக்குப்பின், இலகுரகப் போர்விமானத்திற்காக அமெரிக்காவில் உழைத்த நம் பொறியியலறிஞர் திருப்பியனுப்பப்பட்டனர். பிரிட்டனில் வாங்கிய சீ கிங் ஹெலிகாப்டர்களும் அமெரிக்க உதிரியுறுப்பின்றி முடங்கின. ஊர் திரும்பியவர் சோர்ந்திலர். விமானத்தை இயக்கும் கட்டுப்பாட்டு மென்பொருளைத் தாமே முடித்தனர். 2001 ஜனவரி 4ஆம் தேதி பெங்களூரில் அவ்விமானம் பறந்தது. அதுவே தேஜஸ், 2018 முதல் நம் சூலூரில் அதன் அணியொன்று நிற்கின்றது.

ஆயினும் அதன் எஞ்சின் அமெரிக்காவினதே. 1989இல் தொடங்கிய காவேரி எஞ்சின் முயற்சி 2008இல் தேஜஸினின்றும் பிரிக்கப்பட்டது. சுவீடனின் கிரிப்பனுக்கும் எஞ்சின் அமெரிக்கச் சரக்கே. ஆதலின் யாவற்றையும் ஒரே நாளில் நாமே செய்வோம் என்னும் ஆரவாரம் வேண்டா. இனி வரும் ஒப்பந்தங்களில் விமானம் எத்தனை என்று எண்ணுமுன், உதிரியுறுப்பு எத்தனை ஆண்டுக்குக் கையிருப்பில் வரும், மென்பொருளைத் திருத்தும் உரிமை யாரிடம் இருக்கும் என்று நம் சர்க்கார் கேட்கட்டும். எஞ்சின் ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பொருளைத் தோல்வி கண்டு குறையாதிருக்கட்டும்.