ஃபுல்மார்: மெதுவான விமானம் மோசமான விமானமா?

மாணவர்களே, இரண்டாம் உலகப் போர் விமானங்களை வேகத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால், பிரிட்டிஷ் கடற்படையின் ‘ஃபேரி ஃபுல்மார்’ பின்வரிசையில்தான் நிற்கும். அதனால் அதை மோசமான விமானம் என்று சொல்லிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து.

1940இல் பணிக்கு வந்த ஃபுல்மாருக்கும் புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயருக்கும் ஒரே மெர்லின் வகை இயந்திரம்தான். இரண்டிலும் 8 இயந்திரத் துப்பாக்கிகள். ஆனால், ஸ்பிட்ஃபயரின் எடை 3 டன்னுக்கும் குறைவு. ஃபுல்மாரோ ஏறத்தாழ 4.5 டன். எடை கூடினால் மேலேறுவது தாமதமாகும். உடல் பெரிதானால் காற்றுத்தடை கூடும். எனவே, ஸ்பிட்ஃபயர் மணிக்கு 550 கிலோமீட்டருக்கு மேல் பறக்க, ஃபுல்மார் 400 கிலோமீட்டரை ஒட்டியே நின்றது.

இந்தக் கூடுதல் எடை ஏன்? விமானிக்குப் பின்னால் இன்னொருவர் அமர்ந்திருந்தார். வழியைக் கணிப்பதும் வானொலியை இயக்குவதும் அவர் வேலை. கடலுக்கு மேல் சாலையோ மலையோ அடையாளம் காட்டாது. விமானந்தாங்கிக் கப்பலும் நின்ற இடத்தில் நிற்காது. இரண்டு மணி நேரத்தில் 100 கிலோமீட்டர்கூட நகர்ந்திருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் விமானம் கடலில்தான் இறங்க வேண்டும். நான்கு மணி நேரம்வரை பறக்கத் தேவையான எரிபொருளும் எடையைக் கூட்டியது.

மத்தியதரைக் கடலில் இந்த வடிவமைப்பு பயன் தந்தது. அங்கே கப்பல்களைத் தாக்க வந்த இத்தாலிய குண்டுவீச்சு விமானங்கள் பலவற்றை ஃபுல்மார் வீழ்த்தியது.

ஆனால், 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது நிலைமை வேறு. மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டும் ‘ஸீரோ’ போர் விமானங்களை எதிர்கொண்ட ஃபுல்மார்களில் 4 வீழ்ந்தன.

குறை இரண்டாவது இருக்கையிலா? இல்லை. அதே நிறுவனம் அடுத்துத் தயாரித்த ‘ஃபயர்ஃபிளை’யிலும் இரண்டு இருக்கைகள் இருந்தன, கூடவே அதிக ஆற்றலுள்ள கிரிஃபன் இயந்திரமும் இருந்தது. நடுக்கடலில் எதிரியின் வேகமான போர் விமானங்கள் வராது என்ற அனுமானம்தான் ஃபுல்மாரின் உண்மையான பலவீனம். அந்த அனுமானம் பொய்த்தபோது அதற்கு விலை கொடுத்தவர்கள் அதில் பறந்த வீரர்கள்.

அடுத்த முறை அறிவியல் விழாவுக்கு ஒரு கருவியை வடிவமைக்கும்போது, “இது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது?” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “எவை நடக்காது என்று நம்பி இதைச் செய்தோம்?” என்பதையும் எழுதி வையுங்கள்.