பழகிய கணினியை மாற்றும் முதியோர்க்கு



சென்ற சில மாதங்களாக நம்மிடம் ஒரே வினாவைப் பலர் கேட்டு வருகின்றனர். கேட்போர் இளைஞர் அல்லர். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அஞ்சலகப் பணியிலிருந்து விடைபெற்றோர், மகன் சிங்கப்பூரில் இருக்க ஊரில் தனித்து வாழும் தாய்மார் ஆகியோரே. "வீட்டுக் கம்ப்யூட்டர் இனிமேல் உதவாதாமே சுவாமி, புதிதுதான் வாங்க வேண்டுமா?" என்பது இவர்களுடைய கவலை. ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் வீட்டிற்கு நாற்பதாயிரம் ரூபாய் சிறு தொகையன்று. ஆகவே இம்மாதம் இதனைச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

நடந்தது இதுதான். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு, 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. வீட்டில் பயன்படுத்துவோர் பதிவு செய்துகொண்டால் மேலும் ஓராண்டு தவணை உண்டு என்று அறிவித்தார்கள். 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு மாறலாமே எனில், அது எல்லாக் கணினியிலும் ஏறுவதில்லை. டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு அமைப்பும், பெரும்பாலும் 2017ஆம் ஆண்டிற்குப் பின் வெளிவந்த செயலியும் அதற்கு வேண்டும். எனவே திரையும் தட்டும் நினைவகமும் நன்றாகவே உள்ள கணினி, ஒரு தேதியின் காரணமாகக் கழிக்கப்பட்டதாகிறது. கணினி அன்றே நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்றும் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாத நிலையில் அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் உறங்குவதற்கு ஒப்பாகும்.

புதிய விண்டோஸ் கணினி வாங்குவது ஒரு வழி. வசதியுள்ளோர் அவ்வாறே செய்யட்டும். அதைப்பற்றி எழுத அதிகமில்லை. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினியை அனுப்பிவைப்பதும் உண்டு. அதில் சாளரத்தை மூடும் பொத்தான் இடப்புறத்தில் இருக்கும்; படியெடுக்கவும் ஒட்டவும் கன்ட்ரோல் விசைக்குப் பதிலாக, இடைவெளிப் பட்டையை ஒட்டியுள்ள கமாண்ட் விசையை அழுத்த வேண்டும். அஞ்சல், தமிழ்99 ஆகிய இரு தமிழ் விசையமைப்புகளும் அதனுள்ளேயே இருக்கின்றன. நல்ல கருவிதான், விலைதான் நம் போன்றோர்க்கு எட்டாதது. மூன்றாவது வழி, இருக்கும் கணினியிலேயே லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவிக்கொள்வது. இதற்குப் பணம் வேண்டியதில்லை.

லினக்ஸ் என்றவுடன் ஏதோ பொறியியல் கல்லூரிச் சமாச்சாரம் என்று பலர் அஞ்சுகின்றனர். ஆனால் அது நம் வீடுகளுக்குள் எப்போதோ வந்துவிட்டது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், நம் மாவட்டத்துப் பிள்ளைகளும் பெற்றுவந்த அந்தக் கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்பதும் இருந்தது. சிடாக் என்னும் மைய அரசு நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவானது அது. கணினியைத் திறக்கும்போது இரண்டில் எது வேண்டும் என்று திரை கேட்கும். பிள்ளைகள் எப்போதும் ஒன்றையே தேர்ந்தனர். மற்றது பரணில் வைத்த பித்தளைப் பாத்திரம்போல் பேசாமல் கிடந்தது. கேரளத்திலோ அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி முழுவதும் லினக்ஸைக் கொண்டே நடத்தப்பட்டது. அங்கே அதைக் கற்றுக்கொடுத்தோருள் கணினியையே நடுவயதில் தொட்ட ஆசிரியர்கள் ஏராளம்.

நமக்கு நன்கு தெரிந்த தலைமையாசிரியர் ஒருவர் ஆலங்குடிப் பக்கத்தில் இருக்கிறார். வயது எழுபத்தொன்று. அவருடைய கணினி 2014இல் வாங்கியது. திருச்சியில் படிக்கும் பேரன் விடுமுறையில் வந்து, அதில் லினக்ஸ் மின்ட் என்பதை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போனான். முதல் வாரம் முழுவதும் பெரியவருக்குக் கடுங்கோபம். "எனக்கு எழுதவே மறந்துபோச்சு சுவாமி" என்றார். திரை மாறியதைப் பற்றி அவர் குறைகூறவே இல்லை. மின்ட்டின் திரை விண்டோஸைப் போலவே கீழே ஒரு பட்டையும் இடது மூலையில் ஒரு பொத்தானுமாகத்தான் இருக்கும். இணையம், மின்னஞ்சல், புகைப்படம் எல்லாவற்றையும் இரண்டே நாளில் பழகிக்கொண்டார். தமிழ் எழுத உட்கார்ந்தால்தான் வந்தது வம்பு.

அவர் இளமையில் தட்டச்சு நிலையத்தில் பயின்று, தமிழ்த் தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் தேறியவர். விரல்களுக்குப் பழைய தட்டச்சுப் பொறியின் விசையமைப்பே தெரியும். விண்டோஸிலும் அதே அமைப்பிலேயே எழுதி வந்தார். பேரனோ தமிழ்99 என்னும் அமைப்பை வைத்துவிட்டுப் போயிருந்தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் வலக்கைக்குமாகப் பிரித்தமைத்த, புதிதாகக் கற்போர்க்கு மிக எளிய ஏற்பாடு. ஆனால் ஐம்பது ஆண்டுகள் பழகிய விரலுக்கு எளிமை எதற்கு? 'க' என்று அழுத்தினால் வேறொன்று வருகிறது என்றால் எவருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். லினக்ஸில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை, பழைய தட்டச்சு எல்லாமே உண்டு. தொலைபேசியில் பேரன் வழி சொல்ல, பத்து நிமிடத்தில் தட்டச்சு அமைப்பு வந்துவிட்டது. பெரியவரின் கோபமும் அன்றோடு தணிந்தது.

முதிய வயதில் அறிவு மழுங்கிவிட்டதால் புதியது ஏறவில்லை என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். பெரும்பாலும் தடையாக நிற்பது கைப்பழக்கம், அறிவன்று. 1978 அக்டோபரில் அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்து, ணை, லை, னை போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றியபோதும் இதுவே நடந்தது. புதிய வடிவத்தை வாசிக்க எந்தப் பெரியவரும் திணறவில்லை. எழுதும்போதுதான் கை பழைய துதிக்கையைப் போட்டுவிடும். மேற்படி தலைமையாசிரியர் கையெழுத்தில் இன்றும் போடுகிறார். யாருக்கும் அதனால் நட்டமில்லை.

நம் மாவட்டத்தில் இதற்குப் பெரியதொரு சான்றும் உண்டு. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அன்றைய ஆட்சித் தலைவர் திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்பித்தார்கள். கல்லுடைக்கும் பெண்களும், வயலில் கூலிவேலை செய்வோரும், பிள்ளை பெற்றோரும் ஓட்டக் கற்றனர். ஒன்றரை ஆண்டுக்குள் இலட்சம் பெண்களுக்கு மேல் சைக்கிளில் ஏறினர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பெண்களுக்கான சைக்கிள்கள் போதவில்லை. அதற்காக அவர்கள் காத்திருக்கவில்லை. நடுவே கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். பின்னர் அந்தக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று கண்டு, அதையே விரும்பி வாங்கியோரும் உண்டு. (அதே 1991ஆம் ஆண்டில்தான் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸை வெளியிட்டார். புதுக்கோட்டைக்கும் ஹெல்சிங்கிக்கும் உறவு ஒன்றுமில்லை. ஆயினும் நினைத்துப் பார்க்க இனிக்கிறது.)

இங்கே பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு சொல். சைக்கிள் கற்பிப்பவர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். கற்பவரை இறக்கிவிட்டுத் தாம் ஏறி ஓட்டிக்காட்டிக்கொண்டே இருக்கமாட்டார். நீங்களோ "தள்ளுங்க தாத்தா, நான் செய்றேன்" என்று மவுஸைப் பிடுங்கி, ஐந்து நொடியில் ஏதோ செய்து முடித்து எழுந்துவிடுகிறீர்கள். மறுநாள் அதே ஐயம் வருகிறது. கேட்கக் கூச்சப்பட்டு அவர் கணினியை மூடி வைத்துவிடுகிறார்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான செய்திக்கு வருகிறோம். கணினியை மாற்றுவோர் இழக்கக்கூடியது எழுதிவைத்த தமிழை. தலைமையாசிரியரின் மனைவியார் 2016இல் காலமானார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், அந்த அம்மையார் சொல்லச் சொல்ல, பேறுகால மருந்து, குழந்தைகளுக்கான உரைமருந்து, இரு குடும்பத்து உறவுமுறைகள் எல்லாவற்றையும் இவர் கணினியில் எழுதி வைத்திருந்தார். புதிய இயங்குதளத்தில் அந்தக் கோப்பைத் திறந்தபோது ஒரு தமிழ் எழுத்துகூடத் தெரியவில்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குவிந்து கிடந்தன. "அவள் சொன்னது எல்லாம் போய்விட்டது" என்று நம்மிடம் வந்து நின்றார்.

போகவில்லை. அந்நாளில் நாம் எழுதிய பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்கள் உண்மையில் தமிழைச் சேமிக்கவில்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உடை அணிவித்தன, அவ்வளவே. பாமினியில் 'அம்மா' என்று எழுதினால் கணினி குறித்துவைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளை. பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அது அம்மாவாகத் தெரியும். இல்லாத கணினியில் உடை கழன்றுவிடும். ஒருங்குறி எனப்படும் யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துக் குறிகளுக்கு உலகெங்கும் பொதுவான தனி எண்கள் உண்டு. ஆகையால் அதில் எழுதியது எந்தக் கணினியிலும், கைப்பேசியிலும் தமிழாகவே நிற்கும். தமிழக அரசு 2010இல் இதனை ஏற்று ஆணையிட்டது. ஆனால் அதற்கு முன் எழுதியவை நம் இல்லங்களிலும் பங்கு அலுவலகங்களிலும் இன்னும் பழைய உடையிலேயே இருக்கின்றன.

எனவே மாற்றுவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் பென் டிரைவிலோ தனி வன்தட்டிலோ படியெடுத்து வையுங்கள். புதியதை நிறுவும்போது பழையது அழிந்துவிடலாம். கோப்புகளோடு பழைய கணினியின் எழுத்துருக்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அந்த எழுத்துருவை லினக்ஸில் போட்டாலே கோப்பு வாசிக்கத் தெரியும். பின்னர், ஈழத்தவரான சுரதா யாழ்வாணன் உருவாக்கிய 'பொங்கு தமிழ்' போன்ற மாற்றியில் இட்டு ஒருங்குறியாக்கலாம். மாற்றியபின் வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாக்கப்பட்டு உளறலாக நிற்கும். மருந்தின் அளவைக் குறிக்கும் இடத்தில் இவ்வாறு நேர்ந்தால் விளையாட்டன்று.

மின்ட் முதலியவற்றை நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கவும் முடியும். உங்கள் பிரிண்டர் வேலை செய்கிறதா, வங்கித் தளம் திறக்கிறதா, தமிழ் வருகிறதா என்று ஒரு மாலைப்பொழுது சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். டேலியில் கணக்கு எழுதும் கடைக்காரர்களும், பேஜ்மேக்கரில் அச்சகத்துக்கு வேலை செய்துகொடுப்போரும் மாறாதிருப்பதே நன்று என்பது நம் கருத்து. அவை லினக்ஸுக்கென்று வெளிவந்தவை அல்ல. ஒட்டவைத்து ஓட்டுவது வயதானவர்க்கு வீண் அலைச்சல்.

தலைமையாசிரியர் மனைவியாரின் குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, பிழை திருத்தி, நான்கு பிள்ளைகளுக்கும் அனுப்பிவிட்டார். குவைத்தில் இருக்கும் மகள் கைப்பேசியிலேயே வாசித்தாராம். பத்துப் பன்னிரண்டு கோப்புகள் மட்டும் மீதமிருக்கின்றன. அவை எந்த எழுத்துருவில் எழுதப்பட்டவை என்று அவருக்கே நினைவில்லை. ஒவ்வொரு பழைய எழுத்துருவாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாம் சென்ற வாரம் போனபோது மூன்றாவது திறந்திருந்தது.