றிஸ்வானாவைக் கணினி எங்கே தேடும்?

"பைதன் மொழியில் 'சோர்ட்' என்று எழுதினால் பெயர்ப் பட்டியல் நொடியில் ஒழுங்காகிவிடுகிறது. பிறகு குமிழி வரிசையாக்கத்தைக் கையால் எழுதிப் படிப்பது எதற்கு?" உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் என்னிடம் தோழியர் பலர் இப்படிக் கேட்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான காரணம் நமது பெயர்களிலேயே இருக்கிறது.

கணினிக்கு எண்தான் தெரியும். யுனிகோட் முறையில் ரகரத்துக்கு 2992, றகரத்துக்கு 2993, ழகரத்துக்கு 2996, வகரத்துக்கு 2997. சோர்ட் இந்த எண்களையே ஒப்பிடுகிறது. ஆகவே நமது நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பின் வரும் ழகரம், அங்கே முன்னால் வந்து நிற்கிறது. ஆய்தத்தின் எண் 2947, அகரத்தின் எண் 2949. "ஃபர்ஹானா" என்று எழுதினால் அவர் "அஸ்மா"வையும் முந்திவிடுவார். "பர்ஹானா" என்றால் பகரத்தில் இருப்பார்.

தேடும்போதுதான் இதன் விளைவு தெரியும். 1000 பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் 1000 தடவை வரை ஒப்பிட நேரும். ஒழுங்கான பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் இருமத் தேடலுக்கு 10 தடவை போதும். ஆனால் அந்த வேகம் ஒழுங்கை நம்பியது. நம் அகரவரிசையில் அடுக்கிய பட்டியலை எண் வரிசைப்படி தேடினால், இருக்கும் பெயரையும் "இல்லை" என்று சொல்லிவிடக்கூடும். "றிஸ்வானா" என்று பதிந்தவரை "ரிஸ்வானா" என்று தேடினாலும் அதே பதில்தான். நூலகப் பட்டியல் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். வாக்காளர் இடாப்பு, ஆஸ்பத்திரிப் பதிவு, புலமைப்பரிசில் பட்டியல் என்றால்?

இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சொன்னதையே அது செய்கிறது. பைதனின் சோர்ட்டுக்கு "கீ" என்ற பெயரில் நமது விதியைக் கொடுக்க இடமுண்டு. நெடுங்கணக்கைப் பின்பற்று என்றோ, ரகரத்தையும் றகரத்தையும் ஒன்றாக எண்ணு என்றோ நாம் சொல்லலாம். அந்த விதியை எழுத, ஒப்பிடுதல் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். குமிழி முறை மெதுவானதுதான். ஆயினும் ஒவ்வோர் ஒப்பீட்டையும் அது கண்முன்னே காட்டுகிறது.

பெற்றோரே, தமிழ்மொழி மூலம் படித்த பெண்பிள்ளைக்குக் கணினித் துறை எதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். றிஸ்வானாவும் ரிஸ்வானாவும் ஒரே பெயர் என்பது அவளுக்குத் தெரியும். அதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க அவளே பொருத்தமானவள்.