வெளிநாட்டுப் பட்டம் சரி, உள்நாட்டில் வழி என்ன?

சிம்பாங் அம்பாட்டிலிருந்து பத்து காவான் வரை ஒருமுறை போய் வாருங்கள். முன்பு செம்பனைத் தோட்டங்களாக இருந்த இடங்கள், 2014-இல் பினாங்கின் இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பிறகு, வேகமாக வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறி வருகின்றன. அங்கே மழைநீர் எங்கே வடியும், நிழல் மரம் எங்கே நிற்கும், பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள் என்று முன்கூட்டியே திட்டமிடுபவர்தான் நில வடிவமைப்பாளர். பூந்தொட்டி அடுக்குவது மட்டும் அவர் வேலையன்று.

இத்துறையை வெளிநாட்டில் படித்துத் திரும்புபவர், இங்கே தொழில் தகுதி பெறுவது எப்படி?

மற்றத் துறைகளைப் பார்ப்போம். பொறியியலில் மலேசியா 2009-இல் வாஷிங்டன் உடன்பாட்டின் முழு உறுப்பினரானது. உறுப்பு நாடுகளில் அங்கீகரிக்கப்பட்ட பட்டங்களுக்கு இங்கே மதிப்புண்டு. பிரிட்டனில் சட்டம் படித்துத் திரும்புபவர் சிஎல்பி தேர்வு எழுதுகிறார். அத்தேர்வு கடினம்தான். ஆனால், புறப்படும் முன்பே அது மாணவருக்குத் தெரியும்.

நில வடிவமைப்பில் அந்தத் தெளிவு குறைவு. ஆசியான் நாடுகள் தொழில் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்க எட்டுத் துறைகளில் உடன்பாடு கண்டுள்ளன. பொறியியல், கட்டடக்கலை, நில அளவை, தாதிமை ஆகியவை அவற்றில் உண்டு. நில வடிவமைப்பு இல்லை. 1981-இல் அமைக்கப்பட்ட மலேசிய நில வடிவமைப்பாளர் கழகம்தான் இத்துறையின் தொழில்முறை அமைப்பு.

தரத்தைத் தளர்த்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2017 நவம்பரில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. குளிர்நாட்டில் படித்தவர் நம் மழையையும் மண்ணையும் மரங்களையும் கற்றாக வேண்டும். அதற்காக அவரை முதல் படியிலிருந்து தொடங்கச் சொல்வதும் நியாயமில்லை.

செய்ய வேண்டியவை மூன்று. ஏற்கப்படும் பட்டங்களின் பட்டியலை நாடுவாரியாக வெளியிட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். குறையுள்ள பாடங்களுக்கு மட்டும், அதாவது உள்ளூர்ச் சட்டம், வடிகால், வெப்பமண்டலத் தாவரங்கள் போன்றவற்றுக்கு, குறுகிய இணைப்புப் பயிற்சி வழங்க வேண்டும். வெளிநாட்டுப் பணி அனுபவத்தைக் கணக்கில் எடுத்து, குறித்த காலத்திற்குள் முடிவு சொல்ல வேண்டும்.

மாணவர்களே, உங்கள் படிப்புக்காகப் பெற்றோர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கக்கூடும். முகவரின் வாய்ச்சொல்லை நம்பிக் கட்டணம் கட்டாதீர்கள். முதலில் உரிய தொழில்முறை அமைப்புக்கு எழுதிக் கேளுங்கள். பதிலையும் எழுத்துப்பூர்வமாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.