ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே

கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தால் நம் ஊரில் உடனே கேட்பார்கள், "என்ன கவலை?" என்று. கழுத்து டிஸ்டோனியா வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி அலுத்துப் போயிருக்கும். கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறபோது தாடையில் ஒரு விரலை வைத்தால் தலை சற்று நேராகும். அழுத்தக்கூட வேண்டாம், தொட்டாலே போதும். யாரும் சொல்லித் தராமல் நோயாளிகள் பலர் தாங்களே கண்டுபிடித்து வைத்திருக்கும் வித்தை இது. பேருந்திலும் கோயில் வரிசையிலும் கல்யாண மண்டபத்திலும் அந்த ஒரு விரல்தான் தலையை நிமிர்த்திப் பிடித்திருக்கிறது.

டிஸ்டோனியாவில் மூளை அனுப்பும் கட்டளை பிசகி, தசைகள் தம் போக்கில் முறுக்கிக்கொள்கின்றன. சிலருக்குக் கழுத்து திரும்பும். சிலருக்கு இமைகள் இறுக மூடிக்கொள்ளும். நடுவெயிலில் சாலையைக் கடக்கும்போது கண் திறக்காமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சிலருக்கு எழுதும் கை மட்டும் மக்கர் செய்யும். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவி விடுவார்கள், திருஷ்டி கழிப்பார்கள். நரம்பியல் மருத்துவரிடம் போய்ச் சேருவதற்குள் சில வருடங்கள் ஓடிவிடுவதும் உண்டு.

கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சுதான் இவர்களுக்கு மருந்து. அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் இந்த போட்டுலினம் நஞ்சை மிகச் சிறிய அளவில் மாறுகண்ணுக்குப் பயன்படுத்திக் காட்டினார். 1989-இல் மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்துக்கும், 2000-இல் கழுத்து டிஸ்டோனியாவுக்கும் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. தசையைச் சுருங்கச் சொல்லி நரம்பு அனுப்பும் வேதிப்பொருளை ஊசி தடுக்கிறது. சில நாளில் பலன் தெரியும், சில வாரங்களில் உச்சத்துக்குப் போகும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் நரம்பு மீண்டு, பழைய இழுப்பு திரும்பிவிடும். பிறகு மறுபடி ஊசி.

மலேசியாவில் இது பணக்காரர்களுக்கு மட்டுமான வைத்தியம் இல்லை. சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலான நீலப் புத்தகத்தில் இந்த மருந்து இருக்கிறது. டிஸ்டோனியாவுக்கு நிபுணர்கள் எழுதிக் கொடுக்கலாம். அரசு நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 5 ரிங்கிட். பினாங்கு பொது மருத்துவமனை வட மாநிலங்களுக்கே பெரிய மருத்துவமனை என்பதால், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறியும் கூலிமிலிருந்து பாலம் கடந்தும் நோயாளிகள் வருகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வட்டாரத்துக் குடும்பம் ஒன்றில் "மார்க்கப்படி இந்த ஊசி கூடுமா?" என்ற தயக்கம் எழுவது இயல்பு. மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் 2006-இல் அழகுக்காக இதைப் போட்டுக்கொள்வதைத் தடுத்தது. மருத்துவத் தேவைக்கு விலக்கு அளித்தது. இந்த இரண்டாவது பாதி பலர் காதுக்கு எட்டுவதில்லை. மருத்துவரோ தாதியோ முதல் நாளிலேயே இதைச் சொல்லிவிட்டால், நோயாளி மனக்குறையோடு ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிராது.

ஊசி கிடைக்கிறது, சரி. நோயாளிக்குத் திருப்தியா? இந்தக் கேள்விக்கான பதில், கேட்கும் நாளைப் பொறுத்து மாறும். கழுத்து டிஸ்டோனியா நோயாளிகளிடம் நடத்தி 2012-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பலன் உச்சத்தில் இருந்தபோது திருப்தி மிகுந்தும் அடுத்த ஊசிக்கு முந்தைய நாட்களில் மிகக் குறைந்தும் இருந்தது. இன்னும் சீக்கிரம் ஊசி வேண்டும் என்று விரும்பியவர்களும் அதில் நிறையப் பேர். ஆனால் அடிக்கடி போட்டால் உடல் மருந்துக்கு எதிர்ப்பொருள் உருவாக்கி, ஊசி வேலை செய்யாமல் போகலாம் என்பதால் மருத்துவர்கள் பொதுவாக 12 வார இடைவெளி விடுகிறார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் பத்தாவது வாரத்தில் வலியோடு எழுந்திருப்பவருக்கு அந்தக் காரணத்தை யாராவது உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். விளக்கம் கிடைக்காதவர், தன்னை அலட்சியப்படுத்துகிறார்கள் என்றுதான் நினைப்பார்.

கழுத்து எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று அளப்பது எளிது. மனம் எவ்வளவு ஒடிந்திருக்கிறது என்பதைக் கிளினிக்கில் அளப்பது அரிது. கழுத்து டிஸ்டோனியா உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம். வாழ்க்கைத் தரத்தைத் தீர்மானிப்பதில் அவற்றின் பங்கு பெரிது என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கழுத்து நேரான பிறகும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் பக்கம் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறவருக்கு, ஊசி பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.

பியானோ மேதை லியோன் ஃப்ளைஷரை இங்கே நினைக்க வேண்டும். 1960-களின் நடுவில் டிஸ்டோனியாவால் அவரது வலக்கை விரல்கள் சுருண்டன. முப்பது ஆண்டுகள்போல் இடக்கைக்கான இசையை வாசித்தும், பாடம் சொல்லிக் கொடுத்தும் காலம் தள்ளினார். பிறகு இந்த ஊசியின் துணையோடு இரு கைகளாலும் வாசிக்கத் தொடங்கி, 2004-இல் இசைத்தட்டும் வெளியிட்டார். நோய் முழுவதுமாகப் போய்விடவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது பியானோ. ஜார்ஜ்டவுனில் ஒரு பொற்கொல்லருக்கு வேண்டியது இடுக்கி நழுவாத பிடியாக இருக்கும். ஒரு பாட்டிக்கு, பேரன் முகத்தை நேராகப் பார்ப்பதாக இருக்கும். எது வேண்டும் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுக் குறித்துவைத்தால்தான், பலன் கிடைத்ததா என்று பிறகு சொல்ல முடியும்.

இதற்குப் பெரிய செலவில்லை. இழுப்பு எந்த வாரம் திரும்பியது, தூக்கம் எப்படி, வெளியே போனாரா என்று நோயாளி குறித்துவர ஒரு சிறு அட்டை, மலாயிலும் தமிழிலும் சீனத்திலும். கழுத்தில் ஊசி போட்டபின் சில நாள் முதல் சில வாரம் வரை விழுங்கச் சிரமம் வரலாம், அப்போது கஞ்சி போல மென்மையாகச் சாப்பிடுங்கள், மூச்சுவிடவோ விழுங்கவோ மிகவும் கஷ்டமானால் உடனே வாருங்கள் என்று அதே அட்டையில் இரண்டு வரி. மனம் சோர்ந்திருப்பதாக அட்டை சொன்னால் மனநலப் பிரிவுக்கு ஒரு பரிந்துரைக் கடிதம். அடுத்த ஊசிக்கான தேதியைக் கொடுக்கும் முகப்பிலேயே இந்த அட்டையையும் கொடுக்கலாம். பினாங்கு பொது மருத்துவமனை நிர்வாகம் இதை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.