சொல்லாமையும் முரணும்: டோல்கீனின் மோதிரக் கதையில் 'ஓட்டைகள்' குறித்த விவாதம்

முன்னுரை

ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அக்கதையைப் பற்றிய உரையாடல்களில் ஒரு வினா தவறாமல் எழுகின்றது. சாரோனின் மோதிரத்தை அவனது நாடான மோர்டோரின் எரிமலையில் எறிந்து அழிப்பதே நோக்கமெனில், கதையில் வரும் பேருருக் கழுகுகளின் மீதேறிச் சென்று எறிந்திருக்கலாம். ஃபுரோடோவும் சாமும் மூன்று மாதம் நடந்து துன்புற்றது எதற்கு என்பதே அவ்வினா.

இவ்வினாவிற்கு இருவகை மறுமொழிகள் வழங்குகின்றன. இது கதைப்பின்னலில் விழுந்த ஓட்டை, ஆகவே கதை பழுதுடையது என்பது ஒன்று. இது மிகுபுனைவு, இதில் தருக்கம் தேடுவதே தவறு என்பது மற்றொன்று. இரண்டும் ஆய்வைத் தொடங்கும் முன்னரே முடித்துவிடுகின்றன. கதை ஒன்றைச் சொல்லாமல் விடுவதும், தான் சொன்னதற்கு மாறாகச் சொல்வதும் வேறுவேறானவை. அவற்றைப் பிரித்தறியாமல் 'ஓட்டை' என்னும் ஒற்றைச் சொல்லால் சுட்டுவதே இவ்விவாதத்தின் அடிப்படைக் குறை என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

மிகுபுனைவும் தருக்கமும்

இரண்டாம் மறுமொழியை டோல்கீனே ஏற்றிருக்கமாட்டார். 1939ஆம் ஆண்டு புனித ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகள் குறித்து அவர் ஆற்றிய சொற்பொழிவு, புனையப்பட்ட உலகிற்கு உள்ளார்ந்த ஒத்திசைவு வேண்டும் என்பதை வலியுறுத்துகின்றது. அவ்வொத்திசைவு குலையும்பொழுது படிப்போரின் நம்பிக்கையும் குலைகின்றது என்பது அவர் நிலைப்பாடு. இதனை அவர் எழுத்துப் பணியிலும் கடைப்பிடித்தார். தம் கதையின் வெவ்வேறு இடங்களில் நிகழ்வன ஒரே நாளில் நிகழ்கையில் நிலவின் எழுச்சியும் மறைவும் பொருந்தாமற் போனதை 1944 மே மாதத்தில் கண்டறிந்து, இயல்களைத் திருத்தும் பணியில் இறங்கினார். நிலவின் பிறைக்கணக்கைக்கூடப் பொருட்படுத்திய ஒருவரின் படைப்பை 'எதுவும் நிகழலாம்' என்று காப்பது அவருக்குச் செய்யும் நன்மையன்று.

நன்னூல் தரும் பாகுபாடு

இங்குப் பவணந்தியாரின் பாகுபாடு பெரிதும் துணைசெய்கின்றது. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறல், மாறுகொளக் கூறல் ஆகிய இரண்டும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. தொல்காப்பிய மரபியலும் இவ்விரண்டையும் வேறுபடுத்தியே சுட்டுகின்றது. நன்னூலின் முப்பத்திரண்டு உத்திகளுள் இறுதியில் நிற்பது உய்த்துணர வைத்தல். ஆகவே, சொல்லாமை என்பது ஓரிடத்தில் குற்றமாகவும் மற்றோரிடத்தில் உத்தியாகவும் அமையக்கூடும்.

இவை நூலுக்கு, அதாவது இலக்கண நூலுக்கு, வகுக்கப்பட்டவை, கதைக்கு வகுக்கப்பட்டவையல்ல. அவற்றைப் புனைகதைக்கு விரிக்கும்பொழுது ஓர் அளவுகோலை வெளிப்படையாக வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். விடுபட்ட ஒன்றைப் படிப்போர் தாமே வருவித்துக்கொள்வதற்கு வேண்டிய ஏதுக்களைப் பனுவல் தந்திருப்பின் அது உய்த்துணர வைத்தல். தாராதிருப்பின் அது குன்றக் கூறல். பனுவலுக்குப் புறத்தே நின்று படிப்போர் கற்பித்துக்கொள்ளும் காரணங்கள் இக்கணக்கில் சேரா.

கழுகுகள்: சொல்லாமையின் இருபுறம்

இவ்வளவுகோலைக் கழுகு வினாவிற்குப் பொருத்தினால், வழக்கமாகச் சொல்லப்படும் காப்புரைகள் சில முதலிலேயே உதிர்ந்துவிடுகின்றன. மோர்டோரின் வானில் சிறகுடைய விலங்குகளின் மீது நாஸ்கூல்கள் காவல் புரிந்தனர், ஆதலால் கழுகுகள் செல்ல இயலாது என்பது அவற்றுள் ஒன்று. ஆனால், எல்ரோண்டின் அவையில் மோதிரத்தின் முடிவு ஆராயப்பட்டபொழுது நாஸ்கூல்கள் ஆற்றுவெள்ளத்தில் குதிரைகளை இழந்திருந்தனர். அவர்களது பறக்கும் ஊர்தி கதையில் தென்படுவது பின்னர், ஆண்டுயின் ஆற்றுப் பயணத்தின்பொழுதே. அவையோர் அறியாத ஒன்றை அவர்களது முடிவிற்குக் காரணமாக்குதல் பொருந்தாது. மேலும், கறுப்பு வாயிற் போரில் கழுகுகள் நாஸ்கூல்களை எதிர்த்தே வருகின்றன. எனவே, இயலாமை என்னும் வாதம் வலுவற்றது.

வலுவான ஏதுக்கள் பனுவலுக்குள்ளேயே உள்ளன. முதலாவது, கழுகுகளின் இயல்பு. 1937இல் வெளிவந்த 'தி ஹாபிட்' கதையிலேயே கழுகரசன் மனிதர் வாழிடங்களுக்கு அருகில் பயணிகளைச் சுமந்துசெல்ல மறுக்கின்றான். ஆடு கவர வந்ததாகக் கருதி மனிதர் அம்பெய்வர் என்பது அவன் கூறும் காரணம். ஆர்த்தாங்கு கோபுரத்திலிருந்து கேண்டால்ஃபை மீட்கும் குவைஹிர், தான் செய்தி சுமக்க அனுப்பப்பட்டவனேயன்றிச் சுமை சுமக்க அன்று என்னும் பொருள்படப் பேசித் தன் உதவிக்கு எல்லை வகுக்கின்றது. கழுகுகள் எவருடைய ஏவலர்களும் அல்லர் என்பது இவ்விரு இடங்களாலும் பெறப்படும்.

இரண்டாவது, அவையின் முடிவிற்கு அடிப்படையான மறைவு. மோதிரத்தை அழிக்க ஒருவர் விரும்பக்கூடும் என்பது சாரோனின் எண்ணத்தில் தோன்றாது; அவ்வறியாமையே தமக்குரிய ஒரே போர்வை என்பது கேண்டால்ஃபின் கருத்து. திறந்த வானில் பேருருப் பறவைகள் மோர்டோரை நோக்கிப் பறத்தல் அப்போர்வையைக் கிழிப்பதாகும். கழுகுகள் ஃபுரோடோவையும் சாமையும் மலையிலிருந்து மீட்பது மோதிரம் அழிந்து சாரோன் வீழ்ந்த பின்னரே. அப்பொழுது மறைவிற்குத் தேவை இல்லை. முன்னர்ச் செய்யாததைப் பின்னர்ச் செய்தன என்னும் குற்றச்சாட்டு, இடையில் மாறிய சூழலைக் காணத் தவறியதால் எழுவது.

மூன்றாவது ஏதுவே தலையாயது. மோதிரத்தைத் தீயின் விளிம்புவரை கொண்டுசெல்வதோடு செயல் முடிந்துவிடுவதில்லை. அவ்விளிம்பில் நின்ற ஃபுரோடோ அதனை எறிய மறுத்துத் தனதென்கின்றான். கோல்லம் அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்துக் கால்தவறி வீழ்ந்ததாலேயே அது அழிகின்றது. கோல்லம் அங்கு இருந்ததற்குக் காரணம், முன்னர்ப் பில்போவும் பின்னர் ஃபுரோடோவும் அவனைக் கொல்லாது விட்ட இரக்கம். கழுகின் மீது விரைந்து வந்த ஒருவனுக்கு அவ்விளிம்பில் துணைநிற்க எவரும் இரார். குறுக்குவழி பயணத்தைச் சுருக்கும். கதையின் முடிவைத் தாராது. நெடும்பயணம் கதையை நீட்டிக்கும் உத்தி மட்டுமன்று, முடிவிற்கான காரணமும் அதுவே என்பதைக் கழுகு வினா தன்னையறியாமலேயே வெளிக்கொணர்கின்றது.

எனினும், ஓர் எச்சம் உண்டு. எல்ரோண்டின் அவையில் மோதிரத்தைக் கடலுள் எறிதல், கடல் கடந்து அனுப்புதல், டாம் பாம்படிலிடம் ஒப்படைத்தல் ஆகிய வழிகள் முன்மொழியப்பட்டு ஏதுக் காட்டி மறுக்கப்படுகின்றன. குவைஹிர் தன்னை மீட்ட நிகழ்ச்சியைக் கேண்டால்ஃப் அதே அவையில் விவரிக்கின்றார். அவ்வாறிருந்தும் கழுகுகளை அனுப்பும் வழியை எவரும் எழுப்பவில்லை. பிற வழிகளையெல்லாம் எண்ணிய அவை இதனை எண்ணாதது குன்றக் கூறலே. ஒரு வரியால் நிரம்பியிருக்கக்கூடிய குறை அது. 1958இல் திரைக்கதை வரைவொன்றைப் பற்றி எழுதிய மடலில், கழுகுகள் இடர்மிக்கதொரு கருவி என்றும் தாம் அதனை அரிதாகவே கையாண்டதாகவும் டோல்கீன் குறிப்பிடுகின்றார். ஆசிரியர் இடரை அறிந்திருந்தார் என்பதற்கு அம்மடல் சான்றாகும். பனுவலின் குறையை அது நிரப்பாது.

கோல்லத்தின் மோதிரம்: முரண் பொருளாதல்

உண்மையான மாறுகொளக் கூறலைக் காண வேறிடம் நோக்குதல் வேண்டும். 'தி ஹாபிட்' முதற்பதிப்பில் கோல்லம் தன் மோதிரத்தை விடுகதைப் போட்டியின் பரிசாக முன்வைக்கின்றான். தோற்றபின் அது காணாமற் போனமைக்கு வருந்தி, ஈடாகப் பில்போவிற்கு வெளியேறும் வழியைக் காட்டுகின்றான். பின்னர் எழுந்த பெருங்கதையிலோ மோதிரம் தன்னை உடையவனை ஆட்கொள்வது. எவரும் மனமுவந்து விட்டுக்கொடுக்கவியலாதது. அத்தகையதைப் பந்தயமாக வைத்தல் எவ்வாறு இயலும்? இவ்விரண்டும் ஒருசேர உண்மையாதல் இயலாது.

டோல்கீன் இம்முரணை மறைக்கவில்லை. திருத்திய இயலை 1947இல் பதிப்பகத்தார்க்கு அனுப்பினார். 1951ஆம் ஆண்டுப் பதிப்பில் அது இடம்பெற்றது. ஆனால், பழைய பதிப்பின் படிகள் படிப்போர் கைகளில் இருந்தன. ஆகவே, பெருங்கதையின் முகவுரை பழைய வடிவத்திற்கும் இடம் தருகின்றது: அது பில்போ தன் தோழர்க்குக் கூறிக் குறிப்பேட்டிலும் எழுதிவைத்த பொய், உண்மையைக் கேண்டால்ஃப் பின்னரே வருவித்தார். நேர்மையாளனான பில்போ மோதிரத்தின் மீது தனக்குள்ள உரிமையை நிறுவப் பொய் கூறினான் என்பதே மோதிரத்தின் தீமைக்கு முதற் சான்றாகிவிடுகின்றது. பதிப்புகளுக்கு இடையிலான முரண், பாத்திரத்தின் அகமுரணாக மாற்றப்பட்டது.

இத்தீர்வு வெற்றிபெற்றதற்குக் காரணம், அது பனுவலுக்குள் நிகழ்ந்து கதையின் மையப்பொருளுக்கு வலுச்சேர்த்ததே. எல்லாத் தீர்வுகளும் அத்தகையன அல்ல. கொண்டோலின் கதையில் இறந்துபட்ட குளோர்ஃபிண்டெல் என்பவனின் பெயர் மோதிரக் கதையில் மீண்டும் வருகின்றது. இருவரும் ஒருவரே, அவன் உயிர்மீண்டு வந்தவன் என்று டோல்கீன் தம் இறுதி ஆண்டுகளில் எழுதிய குறிப்புகள் 1996இல்தான் அச்சேறின. மோதிரக் கதையின் பொருளை அவ்விளக்கம் மாற்றுவதில்லை. கதையைப் படிப்பதற்கு அது இன்றியமையாததுமன்று. 1960இல் 'தி ஹாபிட்' முழுவதையும் பெருங்கதையின் நடைக்கும் காலக்கணக்கிற்கும் இயைய மீண்டும் எழுதத் தொடங்கிய டோல்கீன் இடையிலேயே கைவிட்டார். முழு ஒத்திசைவை நாடிச் செல்லும் வழியில் சிறுவர்க்கெழுதிய கதையின் எளிய குரல் நிலைத்திராது. முரண் நீக்குதலுக்கும் ஓர் அளவுண்டு என்பதற்கு அக்கைவிடுதலே சான்று.

நிறைவுரை

புனைகதை ஆய்வுகளில் 'குறைகள்' என்னும் தலைப்பின்கீழ்ப் பொருந்தாமைகள் வரிசைப்படுத்தப்படும்பொழுது, அவ்வரிசை படைப்பைப் பற்றிச் சிறிதே கூறுகின்றது. குறை காணுதல் ஆய்வின் கடமையே. ஆயினும், கண்டது குன்றலா, முரணா, உய்த்துணர வைத்தலா என்று வகுத்த பின்னரே அது குறையாகும். படைப்பின் மீதுள்ள பற்றினால் பனுவலில் இல்லாத காரணங்களைக் கற்பித்துக் காத்தலும், ஏதுக்களைத் தேடாமலே ஓட்டை என்று ஒதுக்குதலும் பனுவலைப் படியாமையின் இரு வடிவங்களேயாம்.

கழுகு வினாவை எழுப்புவோரை நகைத்து ஒதுக்க வேண்டுவதில்லை. அவ்வினாவைப் பனுவலுக்குள் இறுதிவரை பின்தொடர்ந்தால், அது எரிமலையின் விளிம்பில், எறிய மறுத்த ஒருவனிடம் கொண்டுசேர்க்கின்றது. கதை ஏன் நடந்தே செல்லவேண்டியிருந்தது என்பது அங்குத்தான் விளங்கும்.