சுடுகூலி

நெல் அறுக்கக் கூலி உண்டு. பறை அடிக்கக் கூலி உண்டு. பிணம் சுடக் கூலி உண்டு. செத்த மாட்டைத் தூக்கக் கூலி கேட்டால் பல ஊர்களில் வசவுதான் கிடைத்தது. சேரிக்குத் தெரிந்த கூலிகள் இவை. சேரிக்குத் தெரியாத கூலி ஒன்று இருக்கிறது: துப்பாக்கியால் சுடுவதற்குக் கூலி. போலீசுக்கும் பட்டாளத்துக்கும் தருகிற சம்பளத்தைச் சொல்லவில்லை. சீருடை போடாத ஒரு குடிமகன், தன் சொந்தத் துப்பாக்கியால் சுட்டதற்கு அரசு எண்ணித் தருகிற பணத்தைச் சொல்கிறேன்.

கேரளத்தில் இது நடக்கிறது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல் பஞ்சாயத்தில் இருக்கும். கூப்பிட்டால் வந்து சுடுவார்கள். ஒரு பன்றிக்கு 1,000 ரூபாய் என்றிருந்ததைப் பிறகு 1,500 ஆக்கினார்கள். புதைக்கிறவருக்குத் தனிக் காசு. தமிழ்நாட்டில் 2025இல் வந்த ஏற்பாடு வேறு. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறை ஆள். விவசாயியின் கைக்கு அந்த வேலை வரவில்லை.

பீகாரில் 2016 ஜூனில் மொகாமா பக்கம் சில நாட்களில் சுமார் 250 நீலான்களைச் சுட்டுத் தள்ளினார்கள். அதற்கு ஹைதராபாத்திலிருந்து வேட்டைக்காரர்கள் வரவழைக்கப்பட்டார்கள். ஒரு மத்திய அமைச்சர் அதைக் கொலைவெறி என்றார், இன்னொரு மத்திய அமைச்சர் மாநிலம் கேட்டதால் அனுமதித்தோம் என்றார். டெல்லியே இரண்டுபட்டது. அதே ஆண்டு இமாச்சலத்தில் குரங்கைத் தீங்கு விலங்கு என்று அறிவித்து, கொன்றால் பணம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். பெரும்பாலும் யாரும் முன்வரவில்லை. அனுமார் சாமியை எவன் சுடுவான்? குரங்கைக் காப்பாற்ற ஒரு கடவுள் இருந்தார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே, பின்னால் தேவைப்படும்.

வெள்ளைக்காரன் காலத்திலும் இதே கதைதான். புலிக்கு இவ்வளவு, சிறுத்தைக்கு இவ்வளவு, ஓநாய்க்கு இவ்வளவு என்று தலைக்கு விலை வைத்தான். 1875 தொடங்கி 1925 வரைக்குமான ஐம்பது ஆண்டுகளில் 80,000 புலிகளுக்கு மேல் கொல்லப்பட்டிருக்கும் என்கிறார் வரலாற்றாய்வாளர் மகேஷ் ரங்கராஜன். அதே காலத்தில்தான் 1878 ஆயுதச் சட்டமும் வந்தது. ஐரோப்பியனுக்கு லைசென்ஸ் வேண்டாம், இந்தியனுக்கு வேண்டும். எவன் கையில் துப்பாக்கி இருக்கலாம் என்பதைத் தோலின் நிறம் தீர்மானித்தது.

சுதந்திரம் வந்தது. 1959 ஆயுதச் சட்டம் வந்தது. அதில் சாதி என்ற சொல்லே கிடையாது. சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்றுகூட 14ஆம் பிரிவு சொல்கிறது. படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 13ஆம் பிரிவைப் பாருங்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் உண்டு. பயிர் யாருடையது? நிலம் வைத்திருப்பவனுடையது. நிலம் யாரிடம் இருக்கிறது என்று இந்த இதழைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தில் எழுதாத சாதியை நிலம் எழுதிவிடுகிறது. குடகில் இன்னும் வெளிப்படை. அங்கே குடவர் இனத்தாருக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸே வேண்டாம் என்று 1861இல் வெள்ளைக்காரன் கொடுத்த விலக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. 2019இல் அதை மேலும் பத்தாண்டுக்கு நீட்டினார்கள், 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் சரி என்றது. அங்கே காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் எரவருக்கும் பணியருக்கும் அந்த விலக்கு இல்லை. பிறப்பும் நிலமும் சேர்ந்து ஒரு துப்பாக்கியை உரிமையாக்குகிறது.

சரி, பரம்பரையாகவே வேட்டை தெரிந்தவர்கள் என்ன ஆனார்கள்? குழல் வாயில் மருந்து இடித்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டி நரிக்குறவர் நடந்த காட்சி நம்மில் பலர் சின்ன வயசில் பார்த்ததுதான். வயலில் நரியும் பறவையும் தொல்லை கொடுத்தால் விவசாயியே அவர்களைக் கூப்பிட்டுச் சுடச் சொன்ன காலம் இருந்தது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தொழில் குற்றமாகிவிட்டது. பாசிமணி விற்கப் போனார்கள். எங்கள் புதுச்சேரியில் பழங்குடிப் பட்டியல் என்ற ஒன்றே 2016 டிசம்பர் வரை கிடையாது. அப்புறம் ஒரே ஒரு பெயரைச் சேர்த்தார்கள்: இருளர், வில்லியும் வேட்டைக்காரனும் உட்பட. அரசிதழில் அவன் பெயர் வேட்டைக்காரன். அவன் முயல் பிடித்தால் கேஸ். நவாபு வீட்டுப் பிள்ளை ரைபிளோடு வந்தால் ஜீப் அனுப்பி வரவேற்பு. காட்டு விலங்கைக் கொல்லலாமா கூடாதா என்று பத்திரிகைகளில் பெரிய விவாதம் நடக்கிறது. யார் கொல்லலாம் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் வங்கியில் கிளார்க். வங்கிக் காவலுக்கு ஆள் தேடும் விளம்பரங்களைக் கவனித்திருப்பீர்கள்: சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் உள்ளவர் தேவை. அந்த இரட்டைக்குழல் துப்பாக்கி இருப்பதால்தான் அவருக்குச் சம்பளம் கூட. சுடாமல் இருப்பதற்குக் கூலி வாங்குகிற மனிதர். தேர்தல் அறிவித்தவுடன் ஊரிலுள்ள லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கிக் காவலுக்கு விலக்குக் கேட்டு எழுதுவோம், அந்தக் கடிதத்தை நானே தட்டச்சு செய்ததுண்டு. பணப்பெட்டிக்கு விலக்கு கிடைக்கும். மற்றவர்கள் கொண்டுபோய்க் கட்டவேண்டியதுதான். கேரளத்தில் தேர்தல் நேரத்தில் பன்றி சுடுவதே இதனால் நின்றுபோயிருக்கிறது. அதாவது, குடிமகன் கையில் இருக்கிற துப்பாக்கி இன்னொரு குடிமகனைப் பயமுறுத்தும் என்பது இந்த அரசுக்கு நன்றாகத் தெரியும்.

துப்பாக்கிக் கூலி புதுச்சேரிக்குப் புதுசும் இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போன சொல்தாக்களின் ஊர் இது. ஜூலை 14 அன்று பதக்கம் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் நிற்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறோம். வீட்டுக்கு பிரான்சிலிருந்து பென்ஷன் வந்தது. அடுத்தவன் நாட்டை அடக்கப் போன யுத்தம்தான் அது, அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் போனவனுக்கு ஒரு பெயர் இருந்தது, ஓய்வூதியம் இருந்தது.

சத்தீஸ்கரில் அதுவும் இல்லை. 2005இல் சல்வா ஜூடும் தொடங்கியபோது ஆதிவாசி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர்கள் என்று பெயர் சூட்டி, கையில் துப்பாக்கியைத் திணித்தார்கள். மாசம் 1,500 ரூபாயில் ஆரம்பித்து 3,000 வரை போனது. அதைச் சம்பளம் என்றுகூடச் சொல்லவில்லை, மதிப்பூதியம் என்றார்கள். ஐந்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு முன்னுரிமை. சுமார் 6,500 பேர் ஆனார்கள். யாரைச் சுட? பக்கத்து ஊர் ஆதிவாசியை. நந்தினி சுந்தர் தொடுத்த வழக்கில் 2011 ஜூலை 5 அன்று நீதிபதிகள் சுதர்சன் ரெட்டியும் நிஜ்ஜாரும் இது அரசியல் சட்டத்துக்கு விரோதம், துப்பாக்கிகளைத் திரும்ப வாங்குங்கள் என்றார்கள். மாநில அரசு என்ன செய்தது? அதே ஆண்டு புதுச் சட்டம் போட்டு அதே ஆட்களைத் துணைப்படை ஆக்கியது. ஒடுக்கப்பட்டவன் கைக்கு இந்த நாடு துப்பாக்கி கொடுக்கிற அபூர்வமான சந்தர்ப்பம் இதுதான்: இன்னொரு ஒடுக்கப்பட்டவனைச் சுடுவதற்கு.

மற்ற நேரங்களில் துப்பாக்கியின் முனை எந்தப் பக்கம் இருந்தது? எங்கள் காரைக்காலுக்குப் பக்கத்தில்தான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, மிராசுதார்களின் ஆட்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். சுட்டதற்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரிந்துபோனார்கள். தண்டனை பெற்றவர்களை உயர் நீதிமன்றம் விட்டுவிட்டது. பீகாரின் லக்ஷ்மண்பூர் பாத்தேயில் 1997 டிசம்பர் 1 இரவு ரண்வீர் சேனா என்ற நிலவுடைமைச் சாதிப் படை 58 பேரைச் சுட்டுக் கொன்றது. பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். 2013 அக்டோபரில் பாட்னா உயர் நீதிமன்றம் தண்டிக்கப்பட்டிருந்த 26 பேரையும் விடுதலை செய்தது. பன்றியைச் சுட உத்தரவு வேண்டும், கணக்கு வேண்டும், புதைத்ததற்குச் சான்று வேண்டும். நம்மைச் சுட ஒன்றும் வேண்டாம். குரங்குக்கு இருந்த கடவுள் நமக்கு இல்லை.

ஆனால் ஒரு விதி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. அதன் மூன்றாம் விதியை மாணவத் தோழர்கள் இன்றே எடுத்துப் படிக்க வேண்டும். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அடையாளம் கண்டால், தேவைப்பட்டால் அங்கே பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதோரின் ஆயுத லைசென்சுகளை ரத்து செய்து துப்பாக்கிகளை அரசுக் கிடங்கில் வைக்கச் சொல்கிறது. கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது. தேவைப்பட்டால் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் உயிர், உடைமைப் பாதுகாப்புக்காக லைசென்ஸ் கொடுக்கவும் சொல்கிறது. நாம் கேட்காமலேயே அரசு எழுதி வைத்த வரிகள் இவை.

சேரிக்கு ஆளுக்கொரு துப்பாக்கி கொடு என்று நான் கேட்கவில்லை. கொடுத்தால் முதல் கேஸ் யார் மேல் விழும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் கேட்பது இந்த விதியின் முதல் பாதியை. ஓட்டுக்காக ஒரு மாசம் துப்பாக்கியை வாங்கி வைக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, சேரிக்காரன் உசுருக்காக வாங்கி வைக்கத் தெரியாதா? பெட்டியில் இருக்கிற ஓட்டைவிட, அதைப் போட்ட மனுசன் மலிவாப் போயிட்டானா?

வேலை ஒன்று சொல்கிறேன். மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது அதே விதிகளில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் வன்கொடுமைப் பகுதிகள் எவை, அங்கே எத்தனை லைசென்ஸ் இருக்கிறது, எத்தனை ரத்து செய்யப்பட்டது, எத்தனை தலித்துகள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம். புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் நான் எழுதுகிறேன். விழுப்புரம், கடலூர், நாகை தோழர்கள் அவரவர் மாவட்டத்துக்கு எழுதட்டும். வருகிற பதில்களை அப்படியே அச்சிடுவோம். பதில் வராவிட்டால், எந்தத் தேதியில் கேட்டோம் என்பதையும் அச்சிடுவோம். பன்றிக்குக் கணக்கு வைக்கிற நாட்டில் நம் கணக்கை நாம்தான் கேட்டு வாங்கணும்.